பாத் மாறியிலுள்ள அடைவுகள் உண்மையில் இருக்கின்றனவா?

உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு மாலை வேளைகளில் சி மொழி படிக்க வரும் தம்பி ஒருவர், தமது மடிக்கணினியில் நிறுவிய கருவியொன்றை எந்த வகையிலும் இயக்க முடியவில்லை என்று சொன்னார். கட்டளைக்கான நிரலை எந்தெந்த அடைவுகளில் (கோப்புறைகளில்) தேட வேண்டும் என்பதை முக்காற்புள்ளிகளால் (:) பிரித்துப் பட்டியலிடும் பாத் (PATH) என்னும் சூழல் மாறியில் அவர் சேர்த்திருந்த அடைவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் இதைப் பற்றி எதுவுமே சொல்லாது. இல்லாத அடைவைக் கடந்து அடுத்ததில் தேடத் தொடங்கிவிடும். ஆகவே மாறியிலுள்ள ஒவ்வோர் அடைவையும் சோதிக்கும் சிறு நிரலொன்றை இருவரும் எழுதினோம்.

மாறியின் மதிப்பைக் கெட்என்வ் (getenv) என்னும் சி செயற்கூறு ஒரு சரமாகத் தருகிறது. அப்படியொரு மாறியே இல்லையெனில் எதையும் சுட்டாத நல் (NULL) சுட்டி வரும் என்பதால் அதை முதலில் பார்க்க வேண்டும். தம்பி அந்தச் சரத்தை நேரே, சரங்களைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ட்ர்டொக்கிடம் (strtok) கொடுத்திருந்தார். கெட்என்வ் தருவது நகல் அன்று, நிரலின் சூழலில் உள்ள சரமே என்பதால், ஸ்ட்ர்டொக் முதல் முக்காற்புள்ளியின் இடத்தில் சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழியத்தை எழுதியவுடன் பாத் மாறி ஒரே அடைவாகக் குறுகிவிடுகிறது; அதன்பின் அந்நிரல் தொடக்கும் பிற நிரல்களுக்கும் அக்குறுகிய மதிப்பே போய்ச் சேரும்.

நகலெடுத்துப் பிரித்தாலும் இன்னொரு குறை எஞ்சுகிறது, இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அடுத்தடுத்து வரும் இரண்டு முக்காற்புள்ளிகளை ஸ்ட்ர்டொக் ஒன்றாகவே கொள்ளும். ஆனால் பாத் மாறியில் இடையிலோ தொடக்கத்திலோ முடிவிலோ வரும் வெற்றுப் பகுதிக்கு, அப்போது நாம் நிற்கும் அடைவு என்று யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் பொருள் வகுத்திருக்கிறது. பிறர் எழுதக்கூடிய ஓர் அடைவில் நாம் நிற்கும்போது, அங்கே யாரோ வைத்த கோப்பு நம் கட்டளையாக இயங்கிவிடலாம். எனவே ஸ்ட்ர்சிஸ்பன் (strcspn) கொண்டு அடுத்த முக்காற்புள்ளி வரையுள்ள நீளத்தை அளந்து, அது 0 எனில் எச்சரிக்கை அச்சிட்டு, இல்லையெனில் அப்பகுதியை மட்டும் நகலெடுத்துச் சோதிக்கும் முறையைக் கையாண்டோம்.

சோதனையை, ஒரு பெயருக்குரிய கோப்பின் விவரங்களைத் தரும் ஸ்டாட் (stat) செய்கிறது. அது 0 தந்தால் மட்டும் போதாது; அதே பெயரில் சாதாரணக் கோப்பு இருந்தாலும் 0 தான் வரும் என்பதால் எஸ்_இஸ்டிர் (S_ISDIR) மூலம் அடைவுதானா என்று உறுதிப்படுத்த வேண்டும். -1 வந்தால் பிழையின் காரணத்தைச் சொல்லும் எர்நோவை (errno) பார்க்க வேண்டும்: ஈநோஎன்ட் (ENOENT) என்றால் அடைவு இல்லை, ஈஅக்செஸ் (EACCES) என்றால் வழியிலுள்ள ஏதோவோர் அடைவைக் கடக்க நமக்கு அனுமதி இல்லை, ஆகையால் "இல்லை" என்று அச்சிடுவது பொய்யாகிவிடும். அடைவைத் திறக்கும் ஓப்பன்டிர் (opendir) போதாதா என்று தம்பி கேட்டார். அதற்கு அடைவைப் படிக்கும் அனுமதி தேவை. ஆனால் உள்ளிருக்கும் நிரலைப் பெயர் சொல்லி இயக்க, அடைவைக் கடக்கும் அனுமதியே போதும். ஆகவே நல்ல அடைவையும் அது குறையுள்ளதாகக் காட்டிவிடும்.

அவரது மடிக்கணினியில் நிரலை ஓட்டியபோது பிழைத்த பெயரோடு, மாறியின் கடைசியில் ஒட்டியிருந்த முக்காற்புள்ளி ஒன்றும் அகப்பட்டது. இரண்டையும் அவரே திருத்தினார்.