ஒரு ஆளுக்கு ரசம்

அன்றைக்கு அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "ராத்திரி படுத்தா, காலைல எந்திரிக்காமப் போயிட்டாத் தேவலைன்னு இருக்கு."

துணையை இழந்த முதியவர்கள் ஜூமில் கூடி மனம்விட்டுப் பேசும் குழு அது. அன்று 11 பேர். நான் மைக்கை ம்யூட்டில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவள். நடத்துவது டீச்சர், 70 தாண்டியவர், கணவரை இழந்தவர். எங்கள் குழுக்களில் நடத்துபவருக்கும் அதே வயது, அதே வலி இருக்க வேண்டும். சாட்டில் டீச்சருக்கு மட்டும் தட்டினேன்: "தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரடியாக் கேளுங்க." பயிற்சியில் நானே சொல்லிக்கொடுத்ததுதான். அவர் அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டாரா தெரியாது. அவர் கேட்டது: "இன்னிக்கு என்ன சமைச்சீங்க?"

"ரசம். ஆறு பேருக்கு வச்சுப் பழகுன கை, டீச்சர். ஒரு ஆளுக்கு அளவு வரமாட்டேங்குது. மூணு நாளா அதையே சுட வச்சுக்கிட்டு இருக்கேன்."

உடனே ஒரு ஐயா, "நான் சுண்டைக்காய் அளவுதாங்க புளி போடறேன்" என்றார். சிரிப்பு. அதற்குள் 40 நிமிடம் முடிந்து ஜூம் துண்டித்தது. இலவசக் கணக்கு, வேறென்ன செய்ய.

எனக்கு மனசு ஆறவில்லை. அரைமணி நேரத்தில் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. போய்விட்டால் தேவலை என்பது வேறு, போக வழி தேடுவது வேறு. எது என்று கேட்காமல் எப்படித் தெரியும்?

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு" என்றார். அப்புறம், "இதை நீ எங்கயாச்சும் எழுதி வைக்கணுமா?"

எழுதத்தான் வேண்டும். "சும்மா கேட்டேம்மா" என்றேன். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ராத்திரியானாலும் தமிழில் பேசலாம் என்று சொன்னேன். பேனா எடுத்து வந்து, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளை மாதிரி. அதுதான் உறுத்துகிறது.

அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தார், கேமராவை அணைத்துவிட்டு.

"நீங்க அப்பவே கேட்டிருந்தா நான் கூப்பிட வேண்டியிருந்திருக்காது, டீச்சர்." குறை சொல்லத்தான் பேச்செடுத்தேன்.

"கேட்டிருந்தா அந்தம்மா ரசத்தைச் சொல்லியிருக்காதும்மா."

சரிதான். ஆனால் ரசத்தோடு விட்டு, அன்றிரவு ஏதாவது ஆகியிருந்தால்? ஆகவில்லை என்பதால் டீச்சர் செய்தது சரி என்றாகிவிடுமா? ஒருவேளை நான் கேட்டதால்தான் ஆகவில்லையோ? இப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

அந்த அம்மா இப்போதும் கேமரா போடுவதில்லை. பின்னால் குக்கர் சத்தம் மட்டும் கேட்கும். போன வாரம் டீச்சர் பேசியது எதுவும் காதில் விழவில்லை, விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.