தம்புரா போட்டுப் பார்த்தால் தெரியும்

ஹை-எண்ட் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுகிற விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர்) பற்றிப் பேச்சு வந்துவிட்டால் மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து ஆடியோ பைத்தியங்கள் எல்லோரும் (என்னையும் சேர்த்துத்தான்) இசை விமர்சகர் சுப்புடு ஆகிவிடுகிறோம். இது வார்ம், அது கொஞ்சம் ட்ரை, இன்னொன்றில் மிட்ரேஞ்ச் தேனாக வழிகிறது. இந்த வர்ணனையில் பாதி, ஒரு ஆம்ப் இன்னொன்றைவிடக் கொஞ்சம் சத்தமாக ஓடியதால் வந்தது என்பது என் கட்சி. அரை டெசிபெல் கூடினால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்வதில்லை, தெளிவு என்றுதான் எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அதனால் முதலில் மல்ட்டிமீட்டர். 400 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஓடவிட்டு (மலிவு மீட்டர்கள் அதற்கு மேலே போனால் தப்பாகக் காட்டும்), ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட்டேஜ் பார்த்து, இரண்டு ஆம்ப்பும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி வால்யூமை வைக்க வேண்டும். அது சுமார் 0.1 டெசிபெல். அப்புறம் எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறு யாராவது மாற்றி மாற்றிப் போடட்டும். லாமிங்டன் ரோடில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மீட்டர் போதும், ஆனால் லட்சக்கணக்கில் ஆம்ப் வாங்குகிறவர்கள் அதை மட்டும் வாங்க மாட்டார்கள்.

இப்படிச் செய்தால் எல்லா ஆம்ப்பும் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க எஞ்சினியர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஆம்ப் ஒன்றைப்போலவே தன்னுடைய மலிவான ஆம்ப்பையும் ஒலிக்க வைக்கிறேன் என்று சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சுவது எதுவோ அதைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோனார், கடைசியில் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொதுவாக இந்தக் கதையை ‘எல்லா ஆம்ப்பும் ஒன்றுதான்’ என்பதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். எனக்கு நேர் எதிராகத்தான் தோன்றுகிறது: மாற்றவேண்டிய வித்தியாசம் ஒன்று இருந்தது, அது சர்க்யூட்டில் கை வைத்து மாற்றக்கூடியதாகவும் இருந்தது.

வால்வ் ஆம்ப்பின் (டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய கண்ணாடிக் குழாய் வால்வ் வைத்தது) அந்தப் பிரபலமான ‘குணத்தில்’ பெரும்பங்கு அதன் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்துக்கு ஆம்ப்புக்குள்ளேயே இருக்கிற தடை. 2 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் ஸ்பீக்கரின் தடை ஒரு ஸ்ருதியில் 4 ஓம், இன்னொரு ஸ்ருதியில் 20 ஓம் என்று ஏறி இறங்குகிறது. கணக்குப் போட்டால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 2.7 டெசிபெல் வித்தியாசம் விழும், அதாவது யாரோ டோன் கண்ட்ரோலைத் திருகிவிட்ட மாதிரி. 0.05 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அதே இடத்தில் 0.1 டெசிபெல்கூட வராது. ஆக, உங்கள் வீட்டில் தேனாக இருந்தது என் வீட்டில் மந்தமாக இருந்தால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஸ்பீக்கர் வேறு, அவ்வளவுதான்.

அடுத்தது டிஸ்டார்ஷன், அதாவது மூல ஒலியில் இல்லாத ஹார்மோனிக்குகளை (ஸ்வரத்தின் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வுகளை) ஆம்ப் தானாகச் சேர்ப்பது. இதைப் புரிந்துகொள்ள நம்மூர் ரசிகருக்கு வரைபடம் தேவையில்லை, ஸ்வரம் போதும். ஷட்ஜத்தின் இரண்டாவது ஹார்மோனிக் மேல் ஷட்ஜம், மூன்றாவது மேல் பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம், நல்ல தம்புராவில் தானாகவே எழும்புகிற அதே காந்தாரம். இதெல்லாம் ஸ்ருதியோடு சேர்ந்து போவதால், இரண்டாவது ஹார்மோனிக்கை அதிகம் சேர்க்கும் சிங்கிள்-எண்டட் (ஒரே வால்வ் முழு அலையையும் சுமக்கும்) வால்வ் ஆம்ப்பில் தனியாக ஒரு குரல் ஓடினால் அவ்வளவு நிறைவாக இருக்கிறது. ஏழாவது மட்டும் கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே போய் நிற்கும், அது கொஞ்சம் தலைகாட்டினாலே கரகரப்பு.

ஆனால் அதே இனிமையான ஆம்ப்பில் இரண்டு ஸ்வரம் ஒன்றாக வந்தால் கதை மாறுகிறது. தம்புரா ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ், பாடகர் மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபத்தில், 256-இல் நிற்கிறார் என்று வையுங்கள் (கணக்கு எளிதாக வரட்டும் என்று எடுத்த எண்கள்). இரண்டாவது ஹார்மோனிக்கை உண்டாக்கும் அதே வளைவு (உள்ளே வருவதை நேர்கோடாகப் பெருக்காத குறை) இவை இரண்டையும் கூட்டி 496 என்று ஒன்றையும் கொடுக்கும். மேல் ஷட்ஜம் 480, மேல் ரிஷபம் 512. சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கும் அபஸ்வரம்! அளவு சின்னதாக இருந்தால் மறைந்துவிடும், பெரிதாக இருந்தால் தம்புரா மேலே ஒரு மெழுகுப் பூச்சு மாதிரி கேட்கும். அதனால்தான் தனிக் குரல், தனி கிதார் போட்டு டெமோ காட்டுகிற கடையில் நான் தம்புராவோடு ரிஷபத்தில் நெடுநேரம் நிற்கிற ஆலாபனை கேட்கிறேன். விற்பவர் முகம் கொஞ்சம் வாடும்.

நேரில் கேட்ட கச்சேரிதான் அளவுகோல் என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஷண்முகானந்தாவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரோடு உட்கார்ந்து கேட்பது மைக், மிக்ஸர், இன்னொரு ஆம்ப் எல்லாம் தாண்டி வருவதுதானே? வீட்டில், மைக் இல்லாமல், பக்கத்தில் வாசிக்கிற மிருதங்கம் கேட்டிருக்க வேண்டும். தொப்பியில் (இடது முகத்தில்) விழுகிற அடியும் வலந்தலையின் (வலது முகத்தின்) நாதமும் ஒரே நேரத்தில் வரும்போது சராசரியைவிட 20 டெசிபெல் மேலே எகிறும், அதாவது 100 மடங்கு பவர். அரை வாட்டில் சுகமாக ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்பிடம் அந்தக் கணத்தில் 50 வாட்ஸ் கேட்கிறோம். 8 வாட்ஸ் வால்வ் ஆம்ப் அங்கே மிருதுவாக மழுங்கிவிடும், அந்த மழுங்கலைத்தான் பலர் ‘அனலாக் மென்மை’ என்கிறார்கள்.

எனக்கு அந்த மென்மை பிடிக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை. பழைய மோனோ ரெக்கார்டிங்குகளுக்கு அது பொருந்தவும் செய்கிறது. பிடிப்பதும் துல்லியமும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாகக் கிளாஸ் ஏ, பாட்டு ஓடாதபோதும் உள்ளே மின்சாரம் நிறைய ஓடிக்கொண்டே இருக்கிற வகை ஆம்ப். 30 வாட்ஸ் கொடுக்கிற ஸ்டீரியோ கிளாஸ் ஏ ஆம்ப், பாட்டே ஓடாதபோதும் சுமார் 200 வாட்ஸ் மின்சாரத்தைச் சூடாக மாற்றிக்கொண்டே இருக்கும். மே மாதத்து மும்பையில் அந்தச் சூட்டுக்கு ஃபேனை ஐந்தில் வைக்க வேண்டும், ஃபேன் இரைச்சலில் தம்புராவே கேட்காது.