மணப்பாட்டில் மணல் கூட்டும் ஆச்சி

தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊரான மணப்பாட்டுக்கு மக்கள் திரளாகப் போவது செப்டம்பரில்தான். 14ஆம் தேதி திருச்சிலுவைப் பெருவிழா. நான் போனது நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா இறந்து ஓராண்டு நிறைந்த நாள். திருச்செந்தூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, குலசேகரன்பட்டினம் தாண்டி ஊரில் இறங்கியபோது இன்னும் இருள் விலகவில்லை.

கடலோரத்து மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். அருகிலேயே கலங்கரை விளக்கம். ஏறத் தொடங்கியதும் முதலில் காதில் விழுந்தது அலையோசை. அதற்குள்ளிருந்து இன்னோர் ஓசையும் பிரிந்து கேட்டது. சர், சர் என்று விளக்குமாறு தரையில் உரசும் ஓசை. எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆலய வாசலில் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஆலயம் 1581இல் எழுந்தது. அதற்கும் முந்தைய கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புயலில் சிக்கிய ஒரு போர்த்துகீசியக் கப்பல் 1540இல் இங்கே கரை சேர்ந்ததாம். உயிர் பிழைத்த தலைவன், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இக்குன்றில் நட்டானாம். அடுத்து 1542இல் இந்தக் கரைக்கு வந்தவர் சேசு சபைக் குருவான புனித பிரான்சிஸ் சவேரியார். அவர் தங்கிச் செபித்த குகை இன்றும் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நானும் அதற்குள் முழந்தாளிட்டு அம்மாவுக்காக ஒரு செபமாலை சொன்னேன். வெளியே வந்த பிறகும் என் மனம் குகையில் நிற்கவில்லை. அந்த விளக்குமாற்றோடுதான் இருந்தது.

எத்தனை ஆண்டாகக் கூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். மாமியார் கூட்டினார், அவருக்கு முடியாமல் போனதும் தான் கூட்டுவதாகச் சொன்னார். ஆண்டுக் கணக்கு அவரிடம் இல்லை. ஆலயத்தைத் துப்புரவு செய்ய அன்பியங்களுக்கு, அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்களுக்கு, முறை உண்டாம். தன் முறை வராத நாளிலும் இவர் வந்துவிடுகிறார். வாடைக்காற்று பரவாயில்லை, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் மணல் படியேறி உள்ளே வந்து பீடம்வரை படிந்துவிடும் என்றார். காலையில் கூட்டினால் மாலையில் மறுபடியும் மணல். சலிப்பாக இல்லையா என்று கேட்க வாயெடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் விட்டேன்.

சவேரியார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அவர் கொடுத்த ஆயிரக்கணக்கான திருமுழுக்குகள். எனக்கோ அவர் கடிதங்களில் வரும் சிறுவர்கள்தான் நெருக்கமானவர்கள். நோயாளிகள் அழைக்கும் வீடுகளுக்கெல்லாம் தம்மால் போய்ச் சேர முடியாததால், செபங்களைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை அவர் அனுப்பிவைத்தார். அவர்கள் போய்ப் படுக்கையருகே நின்று, கிறிஸ்தவ நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையையும் நியமித்தார். மக்களைச் செபத்துக்குக் கூட்டுவது, சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. போர்ச்சுகல் அரசிக்குக் காலணிச் செலவுக்கென இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணம் என்னும் அக்கால நாணயங்களை அவர்களுக்குச் சம்பளமாகத் தரும்படி கேட்டு வாங்கியவரும் சவேரியார்தான். 1545இல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். குருக்களைக் காணாத ஊர்களில் மாலைச் செபம் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளின் பெயரும் தெரியாது.

ஆறு மணிக்கு ஒருவர் வந்து கோயில் மணியை அடித்தார். வலையிலிருந்து நேராக வந்தவர்போல முழங்கால்வரை ஈரம். இரண்டு பெண்கள் பீடத் துணியை மாற்றினார்கள். மடிப்பு நேராக விழவில்லையென்று எடுத்து மறுபடியும் விரித்தார்கள். பார்க்க யாரும் இல்லை. அதைக் கண்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சிற்றாலயத்தில் அம்மாவும் இப்படித்தான். சனிக்கிழமை மதியம் சமையலை முடித்துவிட்டுப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். விரல்களெல்லாம் கறுத்து, புளி வாசம் அடிக்கும். பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைத் தேய்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஞாயிறு திருப்பலியில் அவை பளபளப்பதைப் பிள்ளை வயதிலிருந்து பார்த்தவன் நான். ஒரு நாளும் அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பித்தளை அப்படித்தான் மின்னும் என்று நினைத்திருந்தேன்.

திருப்பலி முடிந்ததும் ஆச்சியிடம் போய் நன்றி சொன்னேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. காணிக்கைப் பெட்டியில் போட வைத்திருந்த பணத்தில் கொஞ்சத்தை நீட்டினேன்; பெட்டியைக் காட்டினார். ஆலயத்துக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டபோது சற்று யோசித்தார். உப்புக் காற்றில் விளக்குகள் இரண்டே நாளில் மங்கிவிடுகின்றன, புதுத் துணியால் துடைத்தால் கீறல் விழுகிறது, துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டி இருந்தால் கொடுத்துவிடு, மக்கா என்றார்.

வீட்டில் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஓராண்டாக நான் திறக்கவில்லை. அன்று இரவு திறந்தேன். அப்பாவின் பழைய வேட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றை அம்மா ஏற்கெனவே பாதிவரை சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கி வைத்திருந்தார்.