உப்புக் கிணற்றடியில் பன்னீர் ரோஜா

கடலோரத்தில் ரோஜா வராது என்று எங்கள் பக்கம் எல்லோருமே சொல்வார்கள். மல்லி வரும், அரளி வரும், காகிதப்பூ வேண்டாம் என்றாலும் வரும், ரோஜா மட்டும் பண்ணையிலிருந்து வாங்கி வந்த அழகோடு ஒரு மாதம் நின்றுவிட்டு இலை ஓரம் கருகி, அப்புறம் குச்சியாகிவிடும். எங்கள் வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், பாக் நீரிணைக் கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. இங்கே இப்போது நான்கு பன்னீர் ரோஜாச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு மேல் வளர்ந்து பூத்துக்கொண்டிருக்கின்றன. என்ன செய்தாய் என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ரோஜாவைக் கொல்வது வெயில் இல்லை, தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை எங்கள் கிணற்றில் வைத்தால் மாசியில் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம், சித்திரையில் 1,900க்கு மேல் காட்டும். தென்னை அதைக் குடித்துவிட்டுச் சும்மா நிற்கும். ரோஜா உப்பைத் தாங்காத செடி, அதற்குப் பாய்ச்சும் தண்ணீர் 600ஐத் தாண்டாமல் இருந்தால்தான் நல்லது. சோடியமும் குளோரைடும் தண்ணீரோடு வேர் வழியாக ஏறி இலைக்குப் போகின்றன, தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு இலை நுனியிலும் ஓரத்திலும் தங்கிவிடுகிறது. அதனால்தான் முதிர்ந்த இலைகளில் ஓரத்திலிருந்து கருகல் ஆரம்பிக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வெயில் தாங்கவில்லை என்று நினைத்து அதே கிணற்றுத் தண்ணீரைக் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பார்கள். மேல் மண்ணில் உப்பு இன்னும் ஏறும், அவ்வளவுதான்.

சரி, செடி. பன்னீர் ரோஜா என்ற பேரில் கடைகளில் ஒன்றிரண்டு வகை கிடைக்கிறது. நான் வளர்ப்பது எட்வர்டு ரோஜா என்று பூ விவசாயிகள் சொல்கிற இளஞ்சிவப்பு வகை. பூர்போன் இனத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவில், அதாவது இன்றைய ரீயூனியனில், வேலிக்காக நட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்தது என்று சொல்கிறார்கள். மணம் டமாஸ்கிடமிருந்து வந்தது, திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் சீன ரோஜாவிடமிருந்து வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று: இது குச்சி நட்டாலே வேர்விடும். ஒட்டுச்செடி வேண்டாம். சொந்த வேரில் நிற்கிற செடி ஒரு கோடையில் மேலே காய்ந்துபோனாலும் அடியிலிருந்து அதே ரோஜாவாகத்தான் துளிர்க்கும், ஒட்டுச்செடியில் துளிர்ப்பது வேர்க்கட்டையின் காட்டு ரோஜா.

குச்சி போட்ட விதம் தங்கச்சிமடத்து மல்லி நாற்றுக்காரர்களிடம் பார்த்தது. ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்று வெளியூருக்கெல்லாம் அங்கிருந்துதான் போகிறது, மணலில் குச்சி வேர்பிடிக்க வைப்பதில் அவர்கள் கை தனி. "மணலு ஈரமா இருக்கணும்ணே, நனைஞ்சு கெடக்கக் கூடாது" என்று அங்கே நாற்றுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா சொன்னதைத்தான் அப்படியே செய்தேன். பென்சில் கனத்தில், சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பூத்து முடிந்த கிளையில் வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மழைத்தண்ணீரில் அலசிய மணலில் சாய்வாகச் செருகி, மேலே தென்னங்கீற்று நிழல். ஐப்பசி மழைக்காற்றில் போட்டது பாதிக்கு மேல் பிழைத்தது. கோடையில் போட்டால் வராது, முயலவே வேண்டாம்.

தரையில் நடவில்லை. எங்கள் மண் முழுக்க மணலும் சிப்பி ஓட்டுத் துகளும், சுண்ணாம்புச் சத்து ஏறிப்போன மண். கீழே இருந்து உப்பு ஈரம் வேறு மேலே ஏறும். அதனால் கிணற்று உறை, அதாவது கிணற்றுக்குள் இறக்குகிற சிமென்ட் வளையம்தான் தொட்டி. மூன்றடி அகல உறை, ஒரு செடிக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. புது உறையில் சிமென்ட் சுண்ணாம்பு கசியும் என்பதால் தூர்ந்துபோன கிணற்றின் பழைய உறைகளாகத் தேடி வாங்கினேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உடைந்த ஓடும் செங்கல் சல்லியும். இது வடிகாலுக்கு மட்டுமில்லை, கீழ் ஈரம் மேலே ஏறாமல் அறுத்துவிடுகிற அடுக்கும் இதுதான். அதற்கு மேல் செம்மண் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பை (அடியில் படிகிற களிவண்டல்) ஒரு பங்கு, கிடை போட்ட இடத்தில் அள்ளிய பழைய ஆட்டு எரு ஒரு பங்கு, அலசிய மணல் ஒரு பங்கு. கரம்பையைக் கூட்டினால் மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிடும், வேர் அழுகும். தென்னைநார்க் கழிவு சேர்க்கிறவர்கள் அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்க்கணும், அதிலும் உப்பு உண்டு.

தண்ணீருக்கு வழி மழைதான். மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மி.மீ. சுற்றித்தான், பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டிவிடும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. பின்கட்டு ஓட்டுக்கூரையிலிருந்து குழாய் இழுத்து 2,000 லிட்டர் தொட்டியில் விட்டிருக்கிறேன், முதல் மழையை மட்டும் வெளியே திருப்பிவிடுவேன், காற்றில் வந்து கூரையில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் அதோடு போய்விடும். பங்குனி சித்திரையில் இந்தத் தண்ணீரில் மூன்று பங்கு, கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடி வரை இறங்கும்படி நிறைய ஊற்றுகிறேன். அடை மழைக்காலத்தில் உறையை எதைக்கொண்டும் மூடுவதில்லை. வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பை அந்த மழைதான் அடித்துக் கீழே தள்ளுகிறது.

காற்று அடுத்த தொல்லை. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மணலும் உப்புச் சாரலும் சேர்ந்து தளிரைக் கிழித்துவிடும். தென்மேற்கில் பனைமட்டையை இடைவெளி விட்டு நட்டு வேலி கட்டினேன். இடைவெளி கட்டாயம் வேண்டும். சுவர் மாதிரி அடைத்துவிட்டால் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும், செடிக்கு அது இன்னும் மோசம். காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் மழைத்தண்ணீரால் இலையை அலசிவிடுகிறேன், சிலந்திப்பேனும் இதிலேயே குறைகிறது.

இளம் இலை நரம்பு பச்சையாகவும் நடுவெல்லாம் மஞ்சளாகவும் போனால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையில் தெளிப்பு. அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும்.

உரத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. சாளைக் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி ஒரு மாதம், பிறகு லிட்டருக்கு 3 மில்லி. பச்சை மீன் கழிவு மட்டும்தான், கருவாட்டுக் கழிவு கூடவே கூடாது.

கவாத்து மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்து கரும்புள்ளி விழுந்த இலையெல்லாம் பொறுக்கி எரித்தபிறகு. கிளையைப் பாதியாக வெட்டினால் ஏறக்குறைய 45 நாளில் பூ. கடை ரோஜா மாதிரி நீளக் காம்பில் நிற்கிற பூ இல்லை இது, தட்டையாக விரிந்து மதியத்துக்குள் வெளுத்து, சாயங்காலம் இதழ் உதிர்த்துவிடும். வெயில் ஏறுமுன் பறிக்கணும், அந்த நேரத்தில் ஒரு பூவை முகத்தருகே கொண்டுபோனால் போதும், இத்தனை உறையும் ஓடும் எதற்குச் சுமந்தோம் என்று தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு லாத்தா ஏர்வாடி தர்காவுக்கு ஒரு பை கொண்டுபோகிறார்கள், மிச்சம் குல்கந்துக்கு.

இந்த ரோஜாவையே வேர்க்கட்டையாக வைத்து ஒட்டுக் கட்டுகிற பழக்கமும் உண்டு. உப்புத் தண்ணீரில் பழகிய வேர் மேலே உட்காரும் செடிக்கும் உதவுமா என்று பார்க்க ஆசை. போன ஐப்பசியில் வேர்விட்ட குச்சிகளில் இரண்டைத் தனி உறையில் விட்டிருக்கிறேன், அவற்றில் துளிர்த்த கிளைக்குப் பென்சில் கனம் வந்துவிட்டது, தை பிறந்ததும் ஒரு சிவப்பு ரோஜாவின் கண் எடுத்து அதில் மொட்டு ஒட்டுக் கட்டப்போகிறேன்.