ரிங்லெட்டில் ஒரு பச்சைப் புள்ளி

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதுமே மனைவி வாந்தி மாத்திரையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்து மலேசியாவின் கேமரன் மலையிலிருக்கும் ரிங்லெட் வரைக்கும் வளைவுகள்தான். லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டியதும் கார் கண்ணாடியை இறக்கினேன். கிள்ளான் புழுக்கத்தில் ஊறிய உடம்புக்கு அந்தக் குளிர் ஒன்றே போதும், வந்த செலவுக்குக் கணக்குத் தீர்ந்தது.

2025 பிப்ரவரி, தேய்பிறைச் சனிக்கிழமை. நிலா விடியற்காலையில்தான் எழும் என்பதால் வானம் பார்க்கும் நிகழ்ச்சிக்கு அந்த நாளைத் தேர்ந்திருந்தார்கள். முதலில் கோயில் மண்டபத்தில் பேச்சு, பிறகு தேயிலை மேட்டில் வானம் பார்ப்பது. தகவல் சொன்னது அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே தங்கிவிட்ட என் அத்தை. சொன்னவரே எங்களைக் கண்டதும் கிண்டல் செய்தார்.

"மானம் பாக்கவாடா அம்புட்டுத் தூரத்துலேர்ந்து பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்த? நாங்கள்லாம் தெனம் பாத்துக்கிட்டுத்தான் விடியக்காலப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் குடுக்கப் போனோம். மொதல்ல பசியாறு."

ஆறரை மணி வாக்கில் வடையும் தேநீரும். இந்த நேரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேசியவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். கிரகங்களின் பெயரை ஒப்பிக்கும் பேச்சாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அவரோ தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலிருந்து ஆரம்பித்தார். கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க 1899இல் ஒரு வானாய்வகம் அமைத்தார்கள். ஆனால் அங்கே மேகம் அதிகம். இரவு வானத்துக்கு வேறு இடம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, 1960களில் ஜவ்வாது மலையிலிருக்கும் காவலூரைத் தேர்ந்தார். உயரம் 725 மீட்டர்தான், ரிங்லெட்டை விடத் தாழ்வு. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை பாகை தூரத்தில் இருப்பதால், தென் வானத்திலும் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று காத்திருந்தார்கள். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒருமுறை சட்டென்று மங்கி மீண்டது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதைப் பதிவு செய்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், புது நிலவு ஒன்று குறுக்கே போனதாக எடுத்துக்கொண்டார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த அமெரிக்கக் குழு, கிரகத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி மங்குவதைக் கண்டது. அது நிலவு இல்லை, வளையங்கள்! "கைக்கு வந்ததுக்குப் பேர் மாத்தி வெச்சிட்டாங்க" என்றார் ஆசிரியர். மண்டபத்தில் ஒரு பெருமூச்சு. நானும் விட்டேன்.

பின் வரிசைப் பையன் ஒருவன், நாம் நிலநடுக்கோட்டுக்கு இன்னும் பக்கமாச்சே, இங்கே ஏன் அப்படி ஒன்று கட்டவில்லை என்று கேட்டான். ஆசிரியர் மண்டபக் கதவைக் காட்டினார். வெளியே பனிமூட்டம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லவேளை, ஒன்பது மணிக்கெல்லாம் அது விலகிவிட்டது. மேட்டில் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று, பைனாகுலர் இரண்டு. ஈரத்தில் கண்வில்லை வியர்த்துக்கொண்டே இருந்தது. துடைத்தால் கீறல் விழும் என்று, காரிலிருந்து மின்சாரம் எடுத்து, தலைமுடி காயவைக்கும் டிரையரால் ஆசிரியரின் மகள் ஊதிக்கொண்டிருந்தாள். தெற்கே மலைக்கு மேலே அகத்திய நட்சத்திரம். வடக்கே துருவ நட்சத்திரம் நாலரைப் பாகை உயரம்தான், கையை நீட்டி மூன்று விரலைப் படுக்கவைத்தால் அவ்வளவே. மலை அதை முழுங்கியிருந்தது.

மிச்சத்தை முழுங்கியது எதிர்ச்சரிவுப் பூத்தோட்டம். பிளாஸ்டிக் கூரைக்கடியில் வரிசை வரிசையாகப் பல்புகள், மலையே தேர் மாதிரி ஜொலித்தது. செவ்வந்திக்கு இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கத் தோன்றும். இங்கே வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர இரவு, அதனால் தண்டு வளருமுன்பே பூத்துவிடும். நடுவில் விளக்குப் போட்டு இரவை உடைத்தால், பூக்காமல் நெடுநெடுவென்று வளரும். அத்தை சுருக்கமாகச் சொன்னார்: "பூவத் தூங்க விடாம வெச்சிருக்கான்."

வியாழனுக்கு நீண்ட வரிசை, நான்கு நிலவுகளும் வரிசையாக நின்றன. எனக்கு வேண்டியது யுரேனஸ். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குச் சற்று மேற்கே தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு பச்சைப் புள்ளி. உற்றுப் பார்த்தால் புள்ளிக்கும் கொஞ்சம் பெரிது, பாசிப்பயறை ரொம்ப தூரத்தில் வைத்த மாதிரி. அதன் வெளிச்சம் இங்கே வர ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். நான் பார்த்தபோது மணி ஒன்பது இருபது. அப்படியென்றால் நான் வடை தின்றுகொண்டிருந்தபோது கிளம்பியது!

"மோதரம் தெரிஞ்சிச்சா?"

"இல்ல அத்தை. அது இந்தக் குழாய்ல தெரியாது."

"பெறகு என்னத்தப் பாத்த?"

அவர் தொலைநோக்கிப் பக்கமே போகவில்லை. பைனாகுலரை வாங்கி, என்னைக் காட்டச் சொல்லிக் கார்த்திகையைப் பார்த்தார். வாய் முணுமுணுத்தது. ஆறு வரைக்கும் சரியாக வந்தது, பதினேழில் குழம்பி மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார். பின்னால் நின்ற பையனுக்குப் பைனாகுலர் வெகுநேரம் கிடைக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பனி மறுபடியும் இறங்கியது. தென்சிலுவை எழும்வரை காத்திருக்கலாம் என்றார்கள், எழுந்திருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி கட்டியது போல் இருந்தது. தொலைநோக்கியை வேனில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள்.

இரண்டேகால் மணி இருக்கும், குளிரில் தூக்கம் வராமல் லயத்து வாசலுக்கு வந்தேன். அத்தை ஏற்கெனவே அங்கே போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். பனியைக் காணோம். எதிர்ச்சரிவு விளக்குகள் மொத்தமும் அணைந்திருந்தன. தேயிலை மேட்டுக்கு மேலே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நான்கு நட்சத்திரம்.

"அந்த வாத்தியார எழுப்புவமா?" என்றார் அத்தை.