குட்டநாட்டு வாத்தும் பறவைக் காய்ச்சலும்: ஆய்வக முடிவு வருவதற்கு முந்தைய நாட்கள்

கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பக்கம், அதாவது குட்டநாட்டில், பறவைக் காய்ச்சல் என்றால் டிவியில் காட்டுவது ஒரே காட்சிதான்: வெள்ளைக் கவச உடை போட்டவர்கள் வாத்துகளைக் கொன்று தீயில் போடுகிறார்கள். அது வேலையின் கடைசிக் கட்டம். நோய் ஒரு பட்டியோடு நிற்குமா, பத்து ஊருக்குப் போகுமா என்பது அதற்குப் பல நாட்கள் முன்பே, முதல் வாத்து சாவதற்கும் ஆய்வக முடிவு வருவதற்கும் நடுவில் முடிவாகிவிடுகிறது.

இந்தியாவுக்கு இந்த நோய் வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாபூர் கோழிப் பண்ணைகளில். 2008இல் மேற்கு வங்கத்தில் வீட்டுக்கோழிகள் வழியாகப் பரவியது. குட்டநாட்டின் கதை இரண்டிலிருந்தும் வேறு. அங்கே 2014 நவம்பரில் எச்5என்1 வகை வைரஸ், 2016 அக்டோபரிலும் 2021 ஜனவரியிலும் எச்5என்8, 2021 டிசம்பரில் தகழியில் மறுபடி எச்5என்1, 2022 அக்டோபரில் ஹரிப்பாடு, 2024 ஏப்ரலில் எடத்வா, செருதனா. குளிர்காலத்து வலசைப் பறவைகள் போனால் நோயும் போய்விடும் என்று பலர் நம்பியிருந்தார்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

குட்டநாட்டு நிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வயல், கால்வாய், ஏரி எல்லாம் ஒரே தண்ணீர். நெல் அறுத்த வயலில் சிந்திய மணிக்கும் நத்தைக்கும் வாத்தை இறக்கி மேய்ப்பார்கள். தீவனச் செலவு மிச்சம், முட்டையும் கிடைக்கும். ஒரு வயலில் இரை தீர்ந்ததும் பட்டி அடுத்த பாடசேகரத்துக்கு (வயல் தொகுதிக்கு) நகரும், சில சமயம் லாரி ஏறி அடுத்த மாவட்டத்துக்கே போகும். வேலி கிடையாது, கூரை கிடையாது. நீர்க்காகமும் கொக்கும் நாட்டு வாத்தும் அதே சேற்றில்தான் இரை பொறுக்கும். கோழிப் பண்ணைக்கு எழுதிய உயிர்ப்பாதுகாப்பு விதிகளை, அதாவது கிருமி உள்ளே வராமல் தடுக்கும் விதிகளை, அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிக்கு மேல் செல்லாது.

அறிகுறியைப் பிடிப்பதே முதல் சிக்கல். கோழிக்கு வந்தால் மறைக்க முடியாது: கொண்டையும் தாடியும் நீலம் பாயும், முகம் வீங்கும், காலில் ரத்தத் திட்டு தெரியும், தோல்முட்டை விழும், இரண்டு மூன்று நாளில் கொட்டகையே காலியாகும். வாத்து அப்படியில்லை. சில வகை வைரஸுக்கு அது எதுவுமே காட்டாமல் எச்சத்தில் கிருமியைக் கொட்டிக்கொண்டு மேயும். காட்டினால், பெரும்பாலும் கண்ணிலும் கழுத்திலும்தான். காலையில் பட்டியைத் திறக்கும்போது நின்று பாருங்கள். கருவிழியில் வெள்ளை கலந்த நீலப் படலம், கழுத்தை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு வட்டமடித்து நீந்துவது, கரையேற முடியாமல் பின்தங்குவது. இதில் இரண்டு சேர்ந்து, சாவும் நாளுக்கு நாள் கூடினால், சாதாரண நோய் என்று விட்டுவிடக் கூடாது.

ஆனால் நடப்பது வேறு. வாத்துக் காலரா, வாத்து பிளேக் என்று பழகிய நோய்களும் முதல் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தீவனத்தில் கலப்பார்கள். மூன்று நாள் பார்ப்பார்கள். நிற்காவிட்டால் 'இந்தத் தண்ணி ஒத்துக்கலை' என்று பட்டியை வேறு வயலுக்கு ஓட்டுவார்கள். செத்ததைக் கால்வாயில் வீசுவார்கள். இன்னும் நடக்கத் தெம்புள்ளதை இறைச்சிக்கு விற்றுவிடுவார்கள். கிருமி பரவ வேண்டிய வழி எல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே திறந்துவிடுகிறது.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் இழப்பீடு அரசு கொல்லும் பறவைக்கும் அழிக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும். மத்திய அரசு பாதி, மாநிலம் பாதி. 2021இல் கேரளம் அறிவித்த தொகை, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100, முட்டைக்கு 5. தானாகச் செத்த வாத்துக்குப் பணம் இல்லை என்பதே பொது விதி. சீக்கிரம் சொன்னவனுக்குத்தான் அதிக வாத்துக்குப் பணம் என்பதால், காகிதத்தில் இது நல்ல விதி. பணம் மாதக்கணக்கில் இழுத்தால் அதே விதி தலைகீழாகிறது. இன்றைக்கு வியாபாரி பாதி விலை கொடுத்தாலும் கையில் காசு. குஞ்சுக்கும் தீவனத்துக்கும் கடன் வாங்கியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? என்னைக் கேட்டால், நோய்க் கட்டுப்பாட்டில் மிக மலிவான கருவி இழப்பீட்டை இரண்டு வாரத்துக்குள் வங்கிக் கணக்கில் போடுவதுதான். கவச உடைக்கும் கிருமிநாசினிக்கும் ஆகும் செலவு அதற்குப் பிறகுதான் பலன் தரும்.

சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டியதில் ஆய்வகத்துக்குக் காத்திருக்க அவசியமில்லாத பகுதி நிறைய உண்டு. பட்டியை நகர்த்தாதே. தண்ணீரில் இறக்காதே; வலை கட்டிக் கரையிலேயே நிறுத்தித் தீவனம் போடு. முட்டை, உரம், சாக்கு எதுவும் வெளியே போகக் கூடாது. மேய்ப்பவர்கள் அடுத்த பட்டிக்குப் போகக் கூடாது. கால்நடை மருத்துவரை அழைத்துச் சொல். பறவைக் காய்ச்சலுக்கான தேசியச் செயல்திட்டமும் இதைத்தான் சொல்கிறது: சந்தேக நிலையிலேயே 10 கிலோமீட்டர் சுற்றளவை எச்சரிக்கைப் பகுதியாக்கி நடமாட்டத்தை நிறுத்த வேண்டும். செத்த வாத்தை யாரும் கத்தி வைத்து அறுத்துப் பார்க்கக் கூடாது. பிரேதப் பரிசோதனை ஆய்வகத்தில்தான்.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். தொண்டையிலும் ஆசனவாயிலும் தனித்தனி ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி), வைரஸுக்கான திரவம் உள்ள குழாயில். செத்து நேரமாகாத வாத்து சிலவற்றை இரட்டைப் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். நான்கு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோகக் கூடாது. வெயிலில் ஊறிய, அழுகிய வாத்திலிருந்து எடுத்த ஸ்வாப் பொய்யாக 'இல்லை' என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். அந்த ஒரு 'இல்லை' ஒரு வாரத்தைத் தின்றுவிடும். திருவல்லாவில் பறவை நோய் ஆய்வகம் இருக்கிறது என்றாலும் அதிகாரபூர்வமாக உறுதிப்படுத்துவது போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம்.

உறுதியானதும் ஒரு கிலோமீட்டர் வட்டம் நோய்ப் பகுதி, அதற்குள் வளர்ப்புப் பறவை எல்லாம் அழிக்கப்படும். ஒன்றிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி: விற்பனை மூடல், நடமாட்டத் தடை, வீடு வீடாகக் கணக்கு. வட்டம் போடுவது எளிது. அதற்குள் எத்தனை பட்டி, யாருடையது, போன வாரம் எங்கே மேய்ந்தது என்ற கணக்குதான் இல்லை. இந்தக் கணக்கைப் பஞ்சாயத்து அளவில் அறுவடை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தால், நோய் வந்த அன்று ஒரு முழு நாள் மிச்சமாகும்.

அழிக்கும் வேலையை விடியலில், பட்டியைத் திறப்பதற்கு முன் தொடங்க வேண்டும். தண்ணீரில் இறங்கிய வாத்தைப் பிடிக்கப் படகும் ஆளும் வலையும் வேண்டும், பாதி தப்பிக்கும். கோழிக்குப் பயன்படும் கரியமில வாயு முறை வாத்துக்குச் சரியாக வராது. தலையை நீருக்குள் விட்டு இரை தேடும் பறவை என்பதால் மூச்சைத் தாங்கும் சக்தி அதிகம், வாயு அளவு குறைந்தால் வேதனைதான் நீளும். அதனால் கழுத்து எலும்பை விலக்கிக் கொல்வதே பெரும்பாலும் வழி. அது கை வலிக்கும் வேலை; ஈரமான வெயிலில் கவச உடைக்குள் ஒருவரால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆளை மாற்றிக்கொண்டே இருக்கத் திட்டமில்லாவிட்டால் மதியத்துக்குள் முகக்கவசம் கழுத்துக்கு இறங்கிவிடும். உடையைக் கழற்றும்போதுதான் தொற்று ஏறும்: முதலில் பூட்ஸைக் கழுவு, பிறகு கையுறை, மேலுடை, கை கழுவு, கண்ணாடி, கடைசியில்தான் முகக்கவசம், மறுபடி கை கழுவு. குழுவில் இருப்பவர்களுக்கு ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை 75 மில்லிகிராம் தினம் ஒன்று, மருத்துவர் சொல்படி. வேலை முடிந்த பிறகும் பத்து நாள் காய்ச்சல் பார்க்க வேண்டும்.

பிணத்தை என்ன செய்வது என்பதில் குட்டநாடு பாடப்புத்தகத்துக்கு அடங்காது. செயல்திட்டக் கணக்கு, இரண்டு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழிக்குச் சுமார் 1,800 கோழி. மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் குறைந்தது 40 சென்டிமீட்டர் மண். குட்டநாட்டில் ஒரு மீட்டர் தோண்டுவதற்குள்ளேயே தண்ணீர் ஊறும். புதைத்தால் கிணற்றுக்கும் கால்வாய்க்கும் போய்ச் சேரும். ஆகவே எரிப்புதான். வாத்தின் இறகும் கொழுப்பும் நீர் ஊறிய உடம்பும் சீராக எரியாது. விறகை அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் காற்று போக அடுக்கி, ஒரு வரிசை வாத்து, ஒரு வரிசை விறகு என்று போட்டால் எரியும். குவியலாகக் கொட்டி டீசல் ஊற்றினால் மேல்தோல் கருகும், நடு வேகாது. இரவில் ஆள் போய்விட்டால் விடியலில் காகமும் நாயும் அரைகுறையாக வெந்ததை இழுத்துக்கொண்டு ஓடும். சாம்பலாகும் வரை காவல் இருக்க வேண்டும் என்பதைக் கூலிக் கணக்கில் தனியாக எழுத வேண்டும்.

அடுத்து கிருமிநீக்கம். ஒரே தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது: எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது. சாணமும் சேறும் குளோரினைத் தின்றுவிடும், வைரஸ் அடியில் பத்திரமாக இருக்கும். முதலில் சுரண்டி எடு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவு, அதன் பிறகு மருந்து. 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 300 கிராமைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஏறக்குறைய ஒரு சதவீத குளோரின். இரண்டு சதவீதம் வேண்டுமென்றால் 600 கிராம். பிரித்து வைத்து நாளான மூட்டையில் அந்த 33 இருக்காது, மூக்கைத் துளைக்கும் வாடை இல்லையென்றால் வாங்காதீர்கள். சிமென்ட் தரைக்கு இரண்டு சதவீத காஸ்டிக் சோடா நல்லது, பத்து லிட்டருக்கு 200 கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. எந்த மருந்தும் குறைந்தது பத்து நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் நடக்கும் டயர் தெளிப்பை இதோடு வைத்துப் பாருங்கள். வாளையாறு, புளியரை, குமுளி, களியக்காவிளை சோதனைச்சாவடிகளில் ஓடும் லாரியின் சேறு படிந்த டயர் மேல் சில நொடி மருந்துச் சாரல். அது தேவையில்லை என்று சொல்லவில்லை, ஆனால் நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கு ஆபத்து டயரில் மட்டும் வருவதில்லை. கேரளத்துக்கு முட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியின் காலி முட்டை அட்டையில் வருகிறது. காகித அட்டையைக் கழுவ முடியாது, எச்சம் ஒட்டினால் ஊறிக்கொள்ளும். ஒரு முறை போன காகித அட்டை பண்ணைக்குத் திரும்பக் கூடாது. பிளாஸ்டிக் தட்டாக இருந்தால் பண்ணைக்கு வெளியே தேய்த்துக் கழுவி, மருந்தில் முக்கி, வெயிலில் காய்ந்த பிறகே உள்ளே. ஓட்டுநர் கேபினை விட்டு இறங்காமல் இருப்பதும், பண்ணை ஆள் வீட்டில் வாத்தோ நாட்டுக்கோழியோ வளர்க்காமல் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். அந்த ஆளுக்கு வீட்டு முட்டைக்குப் பதிலாகப் பண்ணை முட்டையை இலவசமாகக் கொடுத்துவிடுவது நல்லது.

தடுப்பூசி போடலாமே என்று வாத்துக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எச்5 வகைக்கு இந்தியா அனுமதிக்கவில்லை. வியட்நாம் 2005 முதல் கோடிக்கணக்கில் போடுகிறது. சாவு குறைந்தது, வைரஸ் போகவில்லை. ஊசி போட்ட வாத்து சாகாமலே கிருமியைச் சுமக்கலாம். எந்தப் பட்டிக்கு எப்போது போட்டது என்ற பதிவும், ஊசியா நோயா என்று பிரித்தறியும் சோதனையும் இல்லாமல் நகரும் பட்டிக்குப் போட்டால் நோய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மறுபடி வாத்து விட, கிருமிநீக்கச் சான்றிதழுக்குப் பிறகு மூன்று மாதக் கண்காணிப்பு உண்டு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாதிரி எடுப்பார்கள். கிறிஸ்துமஸ் விற்பனையை நம்பி இருப்பவர் இந்தத் தேதியைக் கணக்கில் வைத்தே குஞ்சுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அக்டோபரில் நோய் வந்தால் அந்த வருடக் கிறிஸ்துமஸ் கிடையாது. குஞ்சு பொரிப்பகத்தில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.