ஏலகிரியில் குழந்தைகளோடு கூடார இரவு: இரண்டு குடும்பங்களுக்கான குறிப்புகள்

சென்னையிலிருந்து ஏலகிரி போகிறவர்களுக்கு வழியில் ஆம்பூர் வரும். சின்னக் குழந்தைகள் இருந்தால் பிரியாணியை அங்கே சாப்பிட வேண்டாம், பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறைந்த குழந்தை பாதி மலையிலேயே வாந்தி எடுத்துவிடும். அதற்கு முன் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். வளைவுகளில் கையில் போன் கொடுக்காமல் வெளியே சாலையைப் பார்க்க வையுங்கள்.

காட்டு நிலத்தில் அனுமதியின்றிக் கூடாரம் போடக் கூடாது. கழிப்பறையும் தண்ணீரும் உள்ள தனியார் தோட்டமாகப் பார்த்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். மூன்று மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். இருட்டில், பசியோடு அழும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூடாரம் அடிப்பதைப் போன்ற தொல்லை வேறில்லை. நண்பர் குடும்பத்தோடு போவதன் முழுப் பயனும் இந்த நேரத்தில்தான்: ஒருவர் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் அடுப்பைக் கவனிக்கட்டும், மற்ற இருவரும் கூடாரத்துக்கு.

‘நான்கு பேர்’ என்று போட்டிருக்கும் கூடாரம் இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுவர்களுக்குச் சரியாக இருக்கும். பைகளுக்கு இடமிருக்காது, வண்டியிலேயே விடுங்கள். கூடவே வரும் மெல்லிய கம்பி ஆணிகள் இறுகிய செம்மண்ணில் வளைந்துவிடும். ஹார்டுவேர் கடையில் தடித்த ஆறு அங்குல ஆணிகளும் ஒரு சுத்தியலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணியின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடித்தால்தான் கயிறு பிடித்து நிற்கும். இழுகயிறுகளில் வெள்ளைத் துணித் துண்டு கட்டுங்கள், ஓடுகிற பிள்ளைகள் அதில்தான் தடுக்கி விழுவார்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட நான்கு பக்கமும் ஓர் அங்குலமாவது குறைவாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் தேங்கி நேரே படுக்கைக்கு அடியில் வரும்.

குளிர் தரையிலிருந்துதான் ஏறும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடியில் வெறும் ஜமக்காளம் என்றால் குழந்தை நள்ளிரவில் எழுந்துவிடும். காற்றடித்த மெத்தையும் உதவாது, உள்ளிருக்கும் காற்றே குளிர்ந்துவிடும். குழந்தைகள் விளையாடும் ரப்பர் நுரைப் பாய்களை இரண்டு அடுக்காகப் போட்டு, அதன் மேல் ஜமக்காளம் விரிப்பது நல்லது. ஓடியாடி வியர்த்த சட்டையோடு படுக்க வைக்காதீர்கள், உள்ளாடை வரை மாற்றுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடினால் மூச்சின் ஈரம் கூரையில் படிந்து, விடியற்காலையில் மேலே சொட்டும். கரியடுப்போ கேஸ் அடுப்போ எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

முதல் இரவுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையே சௌகரியம். காலைக்கு ரவையைத் தாளிப்போடு வீட்டிலேயே வறுத்து, ஆறவைத்துக் கொண்டுவந்தால், ஒரு கப்புக்கு இரண்டரைக் கப் கொதிநீர், உப்பு, ஐந்தே நிமிடத்தில் உப்புமா. மிச்சத்தைக் கூடாரத்தில் வைக்காதீர்கள்: எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பகலில் குரங்குகளும் உண்டு. இரவில் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும், செருப்பு உள்ளேயே இருக்கட்டும். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போட வேண்டும், தேள் புகுந்திருக்கலாம்.

கிளம்பும் முன் கூடாரத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கம் வெயிலில் காயட்டும். நேரமில்லையென்றால் ஊர் திரும்பிய அன்றே மொட்டைமாடியில் விரித்துவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து, நீர் புகாத பூச்சே உரிந்துவிடும்.